தொட்டுப் பார்த்து வாங்குதல்: சுங்கை சிப்புட்டில் நல்ல பொருள்களைக் கண்டெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் வாழும் நமக்கு ஒரு பழக்கம் உண்டு. பட்டுப் புடவை வேண்டுமென்றால் ஈப்போவுக்குக் கிளம்புகிறோம். பரிசுப் பொருள் வேண்டுமென்றால் கோலாலம்பூரில் வேலை செய்யும் பிள்ளையிடம் சொல்லிவிடுகிறோம். மற்றதையெல்லாம் கைப்பேசியில் படம் பார்த்து வரவழைக்கிறோம். தோட்டத்து ஊரில் என்ன இருக்கப் போகிறது என்ற எண்ணம் நம்மிடம் அவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது. நான் வீட்டில் தையல் வேலை செய்பவள். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அம்மாவுக்குப் பிறந்தவள். இருபது ஆண்டுகளாக இந்த ஊரின் இரவுச் சந்தையிலும் மளிகைக் கடைகளிலும், பக்கத்துக் கோலகங்சாரிலும், தோட்டத்துச் செம்மண் சாலை ஓரங்களிலும் நான் கண்டெடுத்த துணிகளும் தின்பண்டங்களும் கைவினைப் பொருள்களும் என் வீட்டை நிறைத்திருக்கின்றன. அவற்றை எப்படித் தேடுவது, எப்படிச் சோதிப்பது, வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு என்ன செய்வது என்பதைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: வீட்டை விட்டுக் கிளம்பும் முன்

ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள். அதன் முதல் பக்கங்களில் உங்களுடைய அளவுகளையும் வீட்டில் இருப்பவர்களின் அளவுகளையும் எழுதுங்கள்: தோள், மார்பு, இடுப்பு, கை நீளம், பாவாடை உயரம். சோபா மெத்தையின் அளவு, சன்னலின் அகலம், சாமி மேடையின் நீளம் ஆகியவையும் அதில் இருக்கட்டும். சந்தையில் நல்ல துணி கண்ணில் பட்ட அந்த நிமிடத்தில் அளவு தெரியாமல் தடுமாறுகிறவர்கள் ஒன்று வாங்காமல் விடுகிறார்கள், அல்லது அரை மீட்டர் குறைவாக வாங்கிவிட்டுப் பிறகு வருந்துகிறார்கள்.

நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கங்களில், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் புடவைகள், ரவிக்கைகள், பாஜு கூரோங் என்ற மலாய் உடைத் துணிகள் ஆகியவற்றிலிருந்து ஓரத்தில் பிரிந்து வந்த ஒரு சிறு நூலையோ தைத்து மிஞ்சிய துண்டையோ ஒட்டி வையுங்கள். நிறத்தை நினைவில் வைத்திருக்கிறேன் என்று நாம் நம்புவோம். மயில்கழுத்து நிறத்தை மட்டும் நான் நான்கு தடவை தவறாக வாங்கியிருக்கிறேன். நூலை ஒட்ட ஆரம்பித்த பிறகு அந்தத் தவறு நடக்கவில்லை.

பையில் ஓர் அளவு நாடாவும், சின்ன காந்தத் துண்டு ஒன்றும், இரண்டு துணிப் பைகளும் இருந்தால் போதும். காந்தம் எதற்கென்றால், பழைய சாமான் விற்பவர்களிடம் சில சமயம் குத்துவிளக்கும் பித்தளைச் செம்பும் வரும். பித்தளையில் காந்தம் ஒட்டாது. உள்ளே இரும்பு வைத்து மேலே முலாம் பூசியிருந்தால் உடனே ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாம் படி: துணி

இரவுச் சந்தைக்கு இருட்டிய பிறகு போகாதீர்கள். மாலை ஐந்து மணிக்குக் கடைகளை விரித்துக்கொண்டிருக்கும்போதே போய்விட வேண்டும். விளக்கு வெளிச்சத்தில் பழுப்பு வெள்ளை பால்வெள்ளையாகத் தெரியும், கருநீலம் கறுப்பாகத் தெரியும், துணியின் நைந்த இடமோ கண்ணுக்கே தெரியாது. பகல் வெளிச்சத்தில் துணியைத் தூக்கி வானத்துக்கு எதிராகப் பிடியுங்கள். நெசவு ஒரே சீராக இருக்கிறதா, ஓரிடத்தில் மட்டும் வெளிச்சம் கூடுதலாகக் கசிகிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு மூலையைக் கைக்குள் கசக்கி, பத்து வரை எண்ணி, விடுங்கள். பருத்தியும் லினனும் கசங்கிய கோடுகளை வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் ஒன்றும் நடக்காததுபோல் விரிந்துகொள்ளும். நம் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் கசங்குகிற துணிதான் உடம்புக்கு ஆகும் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

கையின் தீர்ப்பில் சந்தேகம் இருந்தால் நூலை எரித்துப் பார்க்கலாம். துணி வெட்டிய ஓரத்திலிருந்து ஒரு நூலைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கி, வீட்டில் தண்ணீர் ஊற்றிய தட்டின் மேல் இடுக்கியில் பிடித்து எரியுங்கள். பருத்தி காகிதம் எரியும் வாடையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பட்டு தயங்கித் தயங்கி எரியும், தலைமுடி கருகும் வாடை வரும், மிஞ்சும் கரித்துளி விரலில் நசுக்கினால் பொடியாகும். பாலியெஸ்டர் சுருண்டு உருகி, ஆறியதும் நசுக்க முடியாத கெட்டி மணியாக நிற்கும். ரேயான் மட்டும் இந்தச் சோதனையில் பருத்தியைப் போலவே நடந்து நம்மை ஏமாற்றும். அதற்கு வேறு வழி இருக்கிறது: நூலை நனைத்து இழுத்துப் பாருங்கள். ரேயான் நனைந்தால் வலுவிழந்து எளிதில் அறுந்துவிடும். பருத்தி நனைந்தும் தாங்கும். சந்தையில் விற்கும் பூப்போட்ட கைலிகளில் ரேயான் நிறைய உண்டு. அது கெட்ட துணி இல்லை, குளுமையாக இருக்கும். ஆனால் முறுக்கிப் பிழியக் கூடாது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

இந்தச் சோதனையை நான் கற்றுக்கொண்டது ஒரு நட்டத்துக்குப் பிறகுதான். நாத்தனார் மகள் கல்யாணத்துக்கென்று ஒரு பெரிய ஊர்க் கடையில் சுத்தப் பட்டு என்று சொல்லிக் கொடுத்த அரக்குப் புடவையை வாங்கினேன். கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு இஸ்திரி போடும்போது கொசுவம் வைக்கும் இடம் பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு உள்ளங்கை அகலத்துக்குச் சுருங்கிவிட்டது. முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஒரு நூலை எடுத்து எரித்தேன். தட்டில் டக்கென்று ஒரு கறுப்பு மணி விழுந்தது. அன்றிலிருந்து, பட்டு என்று விலை சொல்லப்படும் எதையும் குஞ்சத்து நூலைப் பார்க்காமல் வாங்குவதில்லை. இந்தியாவிலிருந்து வரும் பட்டுக்கு 2004-ஆம் ஆண்டு முதல் சில்க் மார்க் என்ற அடையாளச் சீட்டு இருக்கிறது. ஈப்போ லிட்டில் இந்தியாவில் வாங்கினாலும் சரி, வேறு எங்கே வாங்கினாலும் சரி, அந்தச் சீட்டைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். சரிகையையும் பாருங்கள். அசல் சரிகையில் பட்டு நூலைச் சுற்றி வெள்ளி இழையும் அதன் மேல் பொன்முலாமும் இருக்கும். நகத்தால் மெல்லச் சுரண்டினால் உள்ளே பெரும்பாலும் சிவப்பு நூல் தெரியும். வெள்ளை நூலோ பிளாஸ்டிக் பளபளப்போ தெரிந்தால் அதற்கேற்ற விலைதான் கொடுக்க வேண்டும்.

பாத்திக் துணி வாங்குவதற்கும் பழகிய கண் தேவை. பாத்திக் என்பது மெழுகு வேலை. உருகிய மெழுகால் கோடு வரைந்து, மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாமல் தடுத்து, வேண்டிய இடங்களில் தூரிகையால் நிறம் தீட்டி, கடைசியில் கொதிநீரில் மெழுகைக் கழற்றுவார்கள். கிளந்தானிலும் திரங்கானுவிலும் அந்தக் கைத்தொழில் வேரூன்றியிருக்கிறது. மெழுகு துணிக்குள் ஊடுருவிப் போவதால் நல்ல பாத்திக்கின் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். எந்திரத்தில் அச்சடித்த துணியின் பின்பக்கம் வெளிறியிருக்கும். கையால் வரைந்த கோடு ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிந்து போகும். கோடுகள் சந்திக்கும் இடங்களில் மெழுகுத் துளி கொஞ்சம் திரண்டு நின்றிருக்கும். உலோக அச்சில் ஒற்றிய பாத்திக் என்றால் அச்சு முடிந்து அடுத்த அச்சு தொடங்கும் இடத்தில் மயிரிழை விலகல் இருக்கும். அந்த விலகலைக் குறை என்று எண்ணி விலை குறைக்கச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மனிதக் கை வேலை செய்ததற்கு அதுவே சாட்சி. வாங்கி வந்த பாத்திக்கைத் தனியாக, பச்சைத் தண்ணீரில், மென்மையான சோப்பில் அலசி நிழலில் உலர்த்துங்கள்.

பண்டல் கடையை விட்டுவிடக் கூடாது. வெளிநாடுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் பழைய துணிகளை விற்கும் இந்தக் கடைகளில் கெட்டியான பருத்திச் சட்டைகளும், நல்ல தையல் போட்ட கோட்டுகளும், சில சமயம் புதுத் துணியில்கூடக் கிடைக்காத பொத்தான்களும் அகப்படும். முதலில் அக்குள், கழுத்துப்பட்டை, கைமடிப்பு ஆகிய மூன்றையும் பாருங்கள். அங்கே மஞ்சள் கறை பாய்ந்திருந்தால் போகாது. பிறகு உள்பக்கம் திருப்பித் தையலைப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் துணி தாங்கும் சூட்டில் வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு தடவை துவைத்து, நல்ல வெயிலில் காயப் போட்ட பிறகே அலமாரிக்குள் வைக்க வேண்டும். நான் சில சட்டைகளைப் பொத்தானுக்காக மட்டுமே வாங்குகிறேன். இரண்டு வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிய ஒரு சட்டையின் கிளிஞ்சல் பொத்தான்கள் ஏழும் இப்போது என் மகளின் ரவிக்கையின் பின்புறத்தில் இருக்கின்றன.

வீட்டிலேயே கிடைக்கும் துணியும் ஒரு கண்டெடுப்புதான். ஒரு புடவையின் நீளம் ஏறக்குறைய ஐந்தரை மீட்டர். அம்மாவோ பாட்டியோ கட்டி மடித்து வைத்த பழம்புடவையில் மடிப்பு விழுந்த இடங்கள் இற்றுப் போயிருக்கும். இடைப்பட்ட பாகங்கள் திடமாகவே இருக்கும். புடவையைத் தரையில் முழுவதும் விரித்து, இற்ற இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிடுங்கள். வட்டத்துக்கு வெளியே இருப்பதைக் கொண்டு எட்டு வயதுப் பெண்ணுக்குப் பாவாடை தைக்க இரண்டரை மீட்டர் வரை தாராளமாகக் கிடைத்துவிடும். கரை நல்ல நிலையில் இருந்தால் அதைத் தனியே பிரித்தெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணப் பருத்தி ரவிக்கையின் கையில் அந்தக் கரையைக் கொடுத்துத் தைத்தால் அது வேறொரு துணியாகிவிடும். பட்டுத் துணியை நேராக எந்திரத்தில் ஓட்டாமல் அடியில் மெல்லிய பருத்தித் துணியை உள்துணியாக வைத்துத் தைப்பது நல்லது, பழைய இழைகளின் பாரத்தை அது தாங்கிக்கொள்ளும்.

மூன்றாம் படி: வாய்க்கு உகந்தவை

உணவுப் பொருள்களைத் தேடும்போது மூக்குக்கு முதலிடம் கொடுங்கள். இரவுச் சந்தையில் கச்சான் பூத்தே வாங்குகிறீர்கள் என்றால் கண்ணாடிப் பெட்டி திறக்கும்போது முகர்ந்து பாருங்கள். பழைய எண்ணெயின் சிக்கு வாடை வந்தால் நகர்ந்துவிடுங்கள். முறுக்கு, ஓமப்பொடி, வறுத்த கடலை, மசாலா பூசிய பருப்பு என்று பல வகையாக விற்கும் இந்தத் தின்பண்டத்துக்கு நாடு முழுதும் பெயர் பெற்ற இடம் ஈப்போவின் புந்தோங். நம் ஊரிலிருந்து ஈப்போ போகிறவர்கள் ஒரு தடவையாவது அங்கே போய் வறுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வாங்க வேண்டும். சூடு ஆறாத முறுக்கைக் காற்றுப் புகாத டப்பாவில் உடனே அடைக்காதீர்கள். முழுதும் ஆறிய பிறகு அடைத்தால் மொறுமொறுப்பு நிற்கும்.

கூலா மெலாகா எனப்படும் தென்னங்கருப்பட்டி நம் வீட்டு இடியாப்பத்துக்கும் கஞ்சிக்கும் உயிர். நல்லது கறுத்த பழுப்பில், ஒரே சீராக இல்லாத நிறத்தில், நகம் வைத்தால் உதிரும் மென்மையில் இருக்கும். நாக்கில் வைத்தால் இனிப்போடு மெல்லிய புகை மணமும் லேசான உப்புச் சுவையும் சேர்ந்து வரும். வெள்ளைச் சர்க்கரை கலந்தது கல் மாதிரிக் கெட்டியாக, வெளிர் நிறத்தில், வெறும் தித்திப்பாக இருக்கும். ஒரு சின்னத் துண்டைக் கேட்டு வாங்கிச் சுவைத்துவிட்டு முடிவு செய்யுங்கள். விற்கும் மாக்சிக் (மலாய் அத்தை) அநேகமாகச் சந்தோஷமாகவே கொடுப்பார்.

தம்புன் பொமேலோ என்னும் பம்பளிமாஸ் பழத்தைக் கையில் தூக்கிப் பார்த்து வாங்க வேண்டும். ஒரே அளவுள்ள இரண்டு பழத்தில் கனமானதை எடுங்கள். வாங்கிய அன்றே உரிக்காமல் சில நாள் விட்டால் தோல் கொஞ்சம் சுருங்கி, சுளை இனிப்பாகும்.

கறித்தூளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பொட்டலத் தூளிலிருந்து மாவு மில்லுக்கு மாறுவதுதான் நம் சமையலில் செய்யக்கூடிய பெரிய மாற்றம் என்பது என் அனுபவம். மளிகைக் கடையில் மல்லியை உள்ளங்கையில் எடுத்து இரண்டு விதையை நசுக்குங்கள். ஆரஞ்சுத் தோல் போன்ற மணம் வர வேண்டும். மிளகாய் வற்றலை மடித்தால் படக்கென்று முறிய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது, சீக்கிரம் பூசணம் பிடிக்கும். மஞ்சளை உடைத்தால் உட்புறம் நல்ல ஆரஞ்சு நிறத்தில் இருக்க வேண்டும். "அண்ணே, இது புது மூட்டையா, போன மாசத்து மிச்சமா?" என்று நேரடியாகக் கேளுங்கள். தெரிந்த கடைக்காரர் பொய் சொல்ல மாட்டார்.

என் வீட்டு இறைச்சிக் கறித்தூளுக்கு ஒரு கிலோ மல்லி, 400 கிராம் மிளகாய் வற்றல், 200 கிராம் சோம்பு, 150 கிராம் சீரகம், 75 கிராம் மிளகு, 75 கிராம் மஞ்சள், 25 கிராம் பட்டை, பத்துப் பத்துக் கிராம் ஏலக்காயும் கிராம்பும். மீன் கறிக்கென்றால் பட்டை, கிராம்பு, ஏலக்காய் மூன்றையும் விட்டுவிட்டு, சோம்பைப் பாதியாக்கி, 50 கிராம் வெந்தயம் சேர்க்கிறேன். எல்லாவற்றையும் ஒருநாள் வெயிலில் காயவைத்து, மறுநாள் வாணலியில் தனித்தனியாகச் சூடு காட்ட வேண்டும். வெந்தயத்தைக் கடைசியில், மிகச் சிறிய தீயில் வறுங்கள். அது கருகினால் முழுத் தூளும் கசக்கும். மில்லுக்குக் கொண்டுபோகும்போது உங்களுக்கு முன்னால் என்ன அரைத்தார்கள் என்று கேளுங்கள். அரிசி மாவு ஓடிய எந்திரத்தில் கறித்தூளை அரைத்தால் முதல் இரண்டு பிடியை ஒதுக்கிவிட வேண்டும். சூடாக வரும் தூளைச் செய்தித்தாளில் பரப்பி ஆறவைத்த பிறகே பாட்டிலில் நிரப்புங்கள்.

நான்காம் படி: கோலகங்சாருக்கு ஒரு பகல்

கோலகங்சார் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் நம்மில் பலர் அங்கே மசூதியைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பேராக் ஆற்றின் மறுகரையில் இருக்கும் சாயோங் கிராமத்தில் லாபு சாயோங் எனப்படும் சுரைக்காய் வடிவக் கறுப்பு மண்கூஜாவைச் செய்கிறார்கள். சுட்ட பானையைச் சூடு தணியும் முன் உமிக்குள் புதைப்பதால் அந்தக் கறுப்பு நிறம் வருகிறது. நம் ஊர் மண்பானையைப் போலவே அதிலும் தண்ணீர் சில்லென்று இருக்கும். வாங்கும்போது விரல் மூட்டால் தட்டிப் பாருங்கள். மணிச் சத்தம் வந்தால் விரிசல் இல்லை, மந்தமாகக் கேட்டால் வேண்டாம். அச்சில் வார்த்தவை இப்போது அதிகம். கையால் வனைந்தவற்றில் இரண்டு கூஜா ஒன்றுபோல் இருக்காது. பயன்படுத்தும் முன் ஒருநாள் முழுதும் தண்ணீரில் மூழ்கவைத்து, மறுநாள் உள்ளே நிரப்பி, கசிகிறதா என்று பார்த்து, முதல் இரண்டு நாள் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள்.

அதே ஊரில் தெக்காட் வேலையையும் பார்க்கலாம். வெல்வெட் துணியின் மேல் அட்டையில் வெட்டிய பூ வடிவத்தை வைத்து, அதன் மேல் பொன்னூலைப் போர்த்தித் தைக்கும் இந்தப் புடைப்புத் தையல் பேராக்கின் பெருமைகளில் ஒன்று. ஆரி வேலை தெரிந்தவர்கள் ஒரு தெக்காட் துண்டைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். நம் ரவிக்கைக் கழுத்தில் வைக்கும் மாங்காய்க்கு அடியில் மெல்லிய அட்டை கொடுத்துத் தைத்தால் எப்படி எழும்பி நிற்கும் என்பது அப்போதே விளங்கும். கெபாயா என்னும் பூத்தையல் மேற்சட்டை அணியும் வழக்கம் 2024-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் மலேசியா உட்பட ஐந்து நாடுகளின் பெயரில் சேர்ந்தது. அதன் முன்விளிம்புப் பூத்தையலும் நம் ரவிக்கைக்கு அழகாகப் பொருந்தும். நான் இரண்டு முறை செய்து பார்த்திருக்கிறேன்.

திரும்பும் முன் இன்னோர் இடத்தையும் பார்த்துவிடுங்கள். 1877-ஆம் ஆண்டு சிங்கப்பூரிலிருந்து வந்த ரப்பர்க் கன்றுகளில் ஒன்பதை, அப்போது பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ கோலகங்சாரில் நட்டார். அவற்றுள் ஒரு மரம் இன்றும் வேலி கட்டி நிற்கிறது. அடுத்து நான் சொல்லப்போகும் வேலைக்கு அந்த மரத்தின் இலையைப் பார்த்து வருவது நல்ல தொடக்கம். பறிக்க மட்டும் கூடாது.

ஐந்தாம் படி: ரப்பர் இலையின் நரம்பு

இந்த வழிகாட்டியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ரப்பர் மரம் ஆண்டின் தொடக்கத்தில் இலையை உதிர்த்து மறுபடி தளிர்க்கும். தளிர் செம்பு நிறத்தில் தொங்கி, பிறகு பச்சையாகி, சில மாதங்களில் முற்றும். நமக்கு வேண்டியது முற்றிய கரும்பச்சை இலை. இளம் இலையின் நரம்பு வேலைக்குத் தாங்காது. மஞ்சளாகி விழுந்த இலை ஏற்கெனவே பொடிந்திருக்கும். ஒரு காம்பில் மூன்று இலைகள் இருக்கும். புள்ளியும் ஓட்டையும் இல்லாததாகப் பார்த்து முப்பது இலைகள் பறியுங்கள். பாதி வீணாகும் என்று கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. நம் வட்டாரத்தில் தோட்டங்கள் பெரும்பாலும் செம்பனைக்கு (எண்ணெய்ப்பனை) மாறிவிட்டதால் சிறு நிலக்காரர்களிடம் கேட்டுத்தான் பறிக்க வேண்டியிருக்கும். நான் கேட்ட எவரும் மறுத்ததில்லை.

இலையின் சதையைக் கழற்ற இரண்டு வழிகள் உண்டு. பொறுமை இருப்பவர்கள் மூடியுள்ள பழைய வாளியில் தண்ணீர் ஊற்றி இலைகளை மூழ்கவைத்து, மேலே கல் வைத்து, வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றிக்கொண்டே மூன்று நான்கு வாரம் விடலாம். மூடி இறுக்கமாக இருப்பது மிக முக்கியம்; திறந்த வாளியில் ஏடிஸ் கொசு முட்டையிடும், டிங்கி காய்ச்சலை நாமே வீட்டுக்கு அழைத்ததாகிவிடும். வாடை வரும் என்பதால் வாளியைக் கொல்லைப்புறத்தில் வையுங்கள்.

அவசரம் இருப்பவர்கள் சலவைச் சோடாவில் வேகவைக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி சோடா போட்டு, எவர்சில்வர் அல்லது எனாமல் பாத்திரத்தில், சிறு தீயில் ஒன்றரை மணி நேரம் கொதிக்கவிடுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டவே வேண்டாம், சோடா அதை அரித்துவிடும். அந்தப் பாத்திரத்தைப் பிறகு சமையலுக்கு எடுக்காதீர்கள். சன்னலைத் திறந்து வையுங்கள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

சதை வழவழவென்று குழைந்ததும் ஓர் இலையை எடுத்து, தண்ணீர் ஊற்றிய அகலத் தட்டில் அடிப்பக்கம் மேலே தெரியும்படி விரியுங்கள். பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷில் மிக மென்மையானதை எடுத்து, நடு நரம்பிலிருந்து விளிம்பை நோக்கி மட்டும் தட்டுங்கள். தேய்க்கக் கூடாது, தட்ட வேண்டும். பச்சைக் குழம்பு தண்ணீரில் கரைந்து விலக விலக, அடியில் வலை ஒன்று எழும்பி வரும். நடு நரம்பிலிருந்து கிளைக்கும் கோடுகள், அவற்றை இணைக்கும் படிகள், படிகளுக்கு நடுவே கொசு வலையைவிட நெருக்கமான கண்ணிகள் என்று ஒவ்வொன்றாகத் தெரியும்போது, அம்மா முப்பது ஆண்டு இந்த இலைகளுக்குக் கீழேதான் நடந்தார், ஒருநாள்கூட இதைப் பார்த்திருக்க மாட்டார் என்று நினைத்துக்கொள்வேன். முதல் தடவை அவரிடம் காட்டியபோது, கையில் வாங்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, "எலைக்குள்ள இவ்ளோ வேலையா இருக்கு?" என்று கேட்டார்.

சுத்தமான இலை வெளிர் பழுப்பாக இருக்கும். வெள்ளை வேண்டுமென்றால் ஒரு பங்கு குளோரின் வெளுப்பானைப் பத்துப் பங்கு தண்ணீரில் கலந்து சில நிமிடம் மட்டும் வையுங்கள். கூடுதலாக வைத்தால் வலை கரைந்துவிடும். இரண்டு தடவை நல்ல தண்ணீரில் அலசிய பிறகு நிறம் ஏற்றலாம். கேசரிப் பவுடர் போன்ற உணவு நிறங்கள் நன்றாகப் பிடிக்கும். தேயிலைச் சாயத்தில் ஊறவைத்தால் பழங்காலத்துப் பொன்னிறம் வரும். எனக்கு அதுவே போதும். மஞ்சள்தூள் முதலில் பளிச்சென்று இருந்தாலும் வெளிச்சத்தில் மங்கிவிடும். ஈர இலையைச் செய்தித்தாளுக்கு நடுவே விரித்து, கனமான புத்தகங்களை அடுக்கி, தாளை மாற்றிக்கொண்டே இரண்டு நாள் விட்டால் தட்டையாகக் காயும். கெட்டி அட்டையில் மிகக் கொஞ்சம் பசை தொட்டு ஒட்டினால் தீபாவளி வாழ்த்து அட்டை, புத்தகக் குறி, கல்யாண மொய் உறை என எதற்கும் ஆகும்.

ஆறாம் படி: கண்டதைச் சொந்த வேலையாக்குதல்

இப்போது நோட்டுப் புத்தகத்துக்குத் திரும்புங்கள். இலையுதிர் காலத்தில் ரப்பர்த் தோப்பு ஒன்றைக் காலை ஏழு மணிக்குப் பார்த்து, கண்ணில் பட்ட நிறங்களுக்கு நிகரான நூல்களை ஒட்டுங்கள்: துரு, செம்பு, எரிந்த ஆரஞ்சு, பட்டையின் சாம்பல், கொட்டாங்கச்சியில் சொட்டிய பாலின் வெள்ளை. இந்த ஐந்தை ஒரு பக்கத்தில் வைத்துக்கொண்டு துணிக்கடைக்குப் போனால், கடைக்காரர் காட்டும் நூறு நிறத்தில் எது வேண்டுமென்று குழம்ப மாட்டீர்கள்.

தீபாவளிக்கு வாசலில் அரிசிக் கோலம் போடுபவர்கள் இதே நிறங்களை அரிசியில் ஏற்றிப் பாருங்கள். ஒரு கிலோ நொய் அரிசிக்கு இரண்டு தேக்கரண்டி உணவு நிறமும் ஒரு தேக்கரண்டி வினிகரும் சேர்த்து, பிளாஸ்டிக் பைக்குள் குலுக்கி, நிழலில் தாளின் மேல் பரப்பினால் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். வழக்கமான மயில் பச்சைக்கும் ரோஜாச் சிவப்புக்கும் நடுவே துரு நிறம் வந்தால் கோலத்துக்கு ஒரு நிதானம் கிடைக்கும்.

இலை நரம்பைத் தையலுக்குக் கொண்டுவருவது எளிது. காய்ந்த இலையை மெல்லிய தாளுக்கு அடியில் வைத்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள். நரம்புகள் தாளில் ஏறும். அவற்றுள் நடு நரம்பையும் பெரிய கிளைகளையும் மட்டும் கறுப்பு மையால் மேலே வரைந்து, கார்பன் தாள் வைத்துத் துணிக்கு மாற்றுங்கள். எல்லாக் கோட்டையும் எடுக்க ஆசை வரும். எடுத்தால் தையல் அடைசலாகிவிடும். நடு நரம்புக்குச் சங்கிலித் தையலும், கிளைகளுக்கு ஒற்றை நூலில் தண்டுத் தையலும் போதும். துரு நிறப் பருத்தி ரவிக்கையின் முதுகில், காம்பு கழுத்தை நோக்கியும் மூன்று இலைகளும் இடுப்பை நோக்கி விரிந்தும் இருக்கும்படி, தேயிலை நிற நூலில் நான் தைத்ததற்கு நான்கு மாலைப் பொழுதுகள் பிடித்தன. பண்டல் சட்டையின் ஏழு கிளிஞ்சல் பொத்தான்கள் அந்த ரவிக்கையில்தான், நடு நரம்பின் மேலேயே, ஒன்றன் கீழ் ஒன்றாக இறங்குகின்றன.